இடப்பக்கம் சாய்ந்த இலைகள்

அத்தியாயம் 14

நாற்பத்தேழாவது வரிசையில் இருந்தபோதுதான் அப்பாவின் போன் வந்தது.

வரிசையின் நடுவில் யார் கூப்பிட்டாலும் பெரியவள் எடுக்கமாட்டாள். கம்பளிக் கடை முதலாளியம்மாவே எதிரில் வந்து நின்றாலும், வாய்க்குள் எண்ணிக்கொண்டிருப்பதை முடித்துவிட்டுத்தான் நிமிர்வாள். கடையின் முகப்புக் கண்ணாடியில் தொங்கவிடுவதற்கான லேஸ் ஸ்கார்ஃப் அது. துளையும் மேடுமாகப் போகும் பின்னல். ஒரு கண்ணி தவறினால் பத்து வரிசை தாண்டித்தான் கண்ணில் படும். பத்தையும் பிரிக்க வேண்டியதுதான்.

போன் நின்றது. மறுபடி அடித்தது. மூன்றாவது தடவை ஊசியைக் கீழே வைத்தாள்.

"அம்மாடி, நீ உடனே போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்துடு."

"என்னப்பா?"

"மாப்பிள்ளையும் வந்திருக்கார். நானும் பார்த்துட்டேன். நீ அவளுக்குப் பின்னிக் கொடுத்த ஸ்கார்ஃபைப் பார்த்துட்டேன்." அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அது சின்னவதான்."

முதலாளியம்மாவிடம் என்ன சொல்லிவிட்டு வந்தாள், எந்த பஸ்ஸில் ஏறினாள் என்பதெல்லாம் அவளுக்கு நினைவில்லை. கைப்பையில் ஊசியையும் ஒரு நூல் உருண்டையையும் திணித்துக்கொண்டிருக்கிறாள். அது மட்டும் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு தெரிந்தது.

சின்னவள் காணாமல் போய் ஏழு மாதம் ஆகிறது. நிலைக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அந்த மாப்பிள்ளையோடு எட்டு வருடம் குடித்தனம் நடத்தியவள். முதல் தடவை உதடு கிழிந்து பிறந்த வீட்டுக்கு வந்தபோது, 'கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போம்மா' என்று அப்பாவே ஆட்டோ பிடித்துக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். இரண்டாவது தடவையும் அப்படித்தான். மூன்றாவது தடவை அவள் பிறந்த வீட்டுக்கே வரவில்லை. கைப்பையோடு கிளம்பியவள் எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியாது. பெரியவள் ஏறி இறங்காத லேடீஸ் ஹாஸ்டல் இல்லை, விசாரிக்காத ஆஸ்பத்திரி இல்லை.

மூன்று நாளைக்கு முன்னால் ஆற்றுப் பாலத்துக்கு அடியில் ஒரு பெண்ணின் உடல் ஒதுங்கியது. தண்ணீரில் பத்துப் பன்னிரண்டு நாள் கிடந்திருக்கிறது. முகத்தை வைத்து யாரும் எதுவும் சொல்ல முடியாது. கழுத்தில் ஒரு ஸ்கார்ஃப் சுற்றியிருந்தது. அவ்வளவுதான்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டருக்கு எதிரே இரண்டு நாற்காலி. ஒன்றில் அப்பா குறுகி உட்கார்ந்திருந்தார். முப்பத்திரண்டு வருடம் தபால் சுமந்த தோள் இரண்டும் முன்னால் சரிந்திருந்தன. இன்னொன்றில் மாப்பிள்ளை. இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. அவளைக் கண்டதும் எழுந்து இடம் கொடுத்தான். எப்போதும் மரியாதைக்குக் குறைச்சல் இருக்காது அவனிடம்.

"உட்காருங்க அண்ணி."

மேஜைமேல் ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே ஸ்கார்ஃப் சேற்று நிறத்தில் சுருண்டு கிடந்தது. உறைக்கு வெளியிலிருந்தே பின்னலில் இலை தெரிந்தது. இலை நுனியில் மொட்டு தெரிந்தது. பெரியவள் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த டிசைன் உலகத்தில் வேறு எங்கேயும் கிடையாது. மூன்று வருடத்துக்கு முன்னால் தங்கையின் பிறந்தநாளுக்கென்று அவளே யோசித்துப் போட்டது. கடைக்குக் கொடுத்ததில்லை, காகிதத்தில் எழுதிவைத்ததுகூட இல்லை.

"உங்க அப்பாவும் சொல்லிட்டார், ஹஸ்பெண்டும் சொல்லிட்டார்" என்றார் இன்ஸ்பெக்டர். வயது ஐம்பதிருக்கும், ஜலதோஷம் பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேசினார். "நீங்கதான் பின்னிக் கொடுத்தீங்களாமே. ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கையெழுத்துப் போட்டீங்கன்னா பாடியை ஒப்படைச்சுடலாம்."

"டெத் சர்ட்டிஃபிகேட் எப்போ சார் கிடைக்கும்?" என்றான் மாப்பிள்ளை.

"அதையேதான் காலையிலேர்ந்து கேக்கறீங்க. கிடைக்கும், இருங்க."

பெரியவள் பேனாவைக் கையில் வாங்கிவிட்டாள். ஆனால் பார்வை மட்டும் உறையை விட்டு நகரமாட்டேன் என்றது. என்னவோ உறுத்தியது. என்னவென்று பிடிபடவில்லை.

"இதை வெளியே எடுத்துப் பார்க்கலாமா சார்?"

"எதுக்கும்மா? மனசு கஷ்டம்தான் படும்."

"ஒரு தடவை விரிச்சுப் பார்த்துடறேன்."

இன்ஸ்பெக்டர் கையுறை கொடுத்தார். மேஜையில் பழைய செய்தித்தாள் விரித்து ஸ்கார்ஃபை நீளமாகப் போட்டாள். ஆற்றின் வாடை அடித்தது. அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மொட்டு மேலே தெரிகிற பக்கத்தைப் புரட்டி வைத்து, இலை நுனியெல்லாம் மேல்நோக்கி இருக்கிறமாதிரி நேராக்கினாள்.

அப்போதுதான் பிடிபட்டது.

"இது நான் பின்னினது இல்லை."

"என்னம்மா உளர்றே?" என்றார் அப்பா. "உன் இலைதானே? உன் மொட்டுதானே?"

"டிசைன் என்னோடதுப்பா. கை என்னோடது இல்லை." விரலால் காட்டினாள். "நான் போட்ட இலை காத்துல ஆடறமாதிரி எல்லாம் வலப்பக்கம் சாஞ்சிருக்கும். இதுல பாருங்க. எல்லாமே இடப்பக்கம்."

இன்ஸ்பெக்டர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். ஸ்கார்ஃபை மறுபுறம் புரட்டினார். "இப்போ வலப்பக்கம் ஆயிடுச்சே."

"மொட்டு உள்ளே போயிடுச்சு பாருங்க சார். இது பின்பக்கம். மொட்டு எந்தப் பக்கம் தெரியுதோ அதுதான் முன்பக்கம்."

அவர் திரும்பவும் புரட்டினார். தலைகீழாகச் சுற்றிவைத்துப் பார்த்தார். இலை நுனி கீழே போயிற்றே தவிர சாய்வு மாறவில்லை. ஒரு தும்மல் போட்டுவிட்டு, "சரி, வாயால சொல்றதை வெச்சுக்கிட்டு நான் என்னத்தை எழுதறது?" என்றார்.

"போட்டே காட்டறேன்."

கைப்பையிலிருந்து ஊசியையும் நூலையும் எடுத்தாள். ஒரு ஸ்டேஷனில் உட்கார்ந்து பின்னுவோம் என்று அவள் சொப்பனத்திலும் நினைத்ததில்லை. வாசலில் நின்ற கான்ஸ்டபிள் பெண் மெதுவாகக் கிட்டே வந்தாள். பத்தொன்பது கண்ணி ஏற்றினாள் பெரியவள். இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒன்றாக்கினால் அந்த இடம் ஒருபக்கம் சாயும். அதற்குப் பக்கத்திலேயே ஊசிமேல் நூலை ஒரு சுற்றுச் சுற்றினால் துளை விழும், குறைந்த கண்ணியும் ஈடாகிவிடும். துளையை வரிசைக்கு வரிசை ஒரு கண்ணி நகர்த்திக்கொண்டே போனால் இலை தன்னால் வளைந்துகொள்ளும். ஐந்தாவது வரிசையில் ஒரு கண்ணி நழுவிப் போய், பிரித்துவிட்டு மறுபடி ஏற்றினாள். இலை நுனிக்கு வந்ததும் ஒரே கண்ணியிலிருந்து ஐந்து எடுத்து, அந்த ஐந்தை மட்டும் முன்னும் பின்னுமாகப் போட்டு, திரும்ப ஒன்றாகச் சேர்த்து இழுத்தாள். மொட்டு குண்டாக எழும்பி நின்றது.

நாற்பது நிமிடம் ஆயிற்று. அதற்குள் மாப்பிள்ளை இரண்டு தடவை வெளியே போய் வந்துவிட்டான்.

புதிய இலையை ஆற்றில் கிடைத்த ஸ்கார்ஃபுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒன்று வலப்பக்கம், ஒன்று இடப்பக்கம். குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"சின்னவளுக்கு இடது கைப் பழக்கம் சார். என் பக்கத்துல உட்கார்ந்து அவளால பின்னவே முடியாது. எதிர்ல உட்கார்ந்து பார்த்துத்தான் கத்துக்கிட்டா. கண்ணாடியில பார்க்கிறமாதிரி. அவ போட்டா எல்லாமே எதிர்ப்பக்கமாத்தான் விழும். இது அவ பின்னினது."

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். குரலில் இரக்கம் இருந்தது. "அம்மா, அப்போ இன்னும் மோசமாச்சே. உங்க தங்கச்சி பின்னினதை உங்க தங்கச்சிதானே போட்டிருப்பாங்க?"

அவர் சொல்வதும் நியாயம்தானே? நாற்பது நிமிடமாக ஊசியைப் பிடித்து அவள் நிரூபித்தது இதைத்தானா?

மாப்பிள்ளை பெருமூச்சு விட்டான். "அண்ணி, எனக்கும் இல்லைன்னு ஆகிடாதான்னுதான் இருக்கு. என்ன பண்றது?"

பெரியவள் மறுபடி மேஜைமேல் குனிந்தாள். ஸ்கார்ஃபை ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைவரைக்கும் அங்குலம் அங்குலமாகத் தடவிக்கொண்டே போனாள். கடைசியில், ஓரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, விரல் உள்ளே போயிற்று. நான்கு விரல் அகலத்துக்கு ஒரு பிளவு.

"அது கிழிசல்" என்றான் மாப்பிள்ளை. "கல்லுல மாட்டியிருக்கும்."

"கிழிசல் இல்லை. ஓரம் கட்டியிருக்கு பாருங்க சார். பின்னும்போதே விட்ட வழி இது." பிளவுக்குள் மறுமுனையை நுழைத்து இழுத்துக் காட்டினாள். "முடிச்சுப் போட வேண்டாம். இப்படி ஒரு கையாலேயே நுழைச்சு இழுத்துக்கலாம். என் தங்கச்சிக்கு ரெண்டு கையும் நல்லா இருக்கு. இது ஒரு கையால மட்டும் கட்டிக்க முடியிற யாருக்கோ பின்னினது."

மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டரின் கை அப்படியே நின்றது. பிறகு அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தார். காலையில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அறிக்கை. ஆள் யாரென்று தெரிந்துவிட்டதே என்று யாரும் முழுசாகப் படித்திருக்கவில்லை. அவர் இரண்டாவது பக்கத்தில் விரலை வைத்து வாய்க்குள் படித்தார்.

"இடது முழங்கையில பழைய முறிவு. சின்ன வயசுல உடைஞ்சு கோணலாச் சேர்ந்திருக்கு. கையை முழுசா மடக்க முடிஞ்சிருக்காதுன்னு எழுதியிருக்கார் டாக்டர்." நிமிர்ந்து மாப்பிள்ளையைப் பார்த்தார். "உங்க வொய்ஃபுக்குக் கை உடைஞ்சிருந்துதா?"

"இருக்கலாம் சார். நான் கவனிக்கலை."

"எட்டு வருஷம் ஒண்ணா இருந்திருக்கீங்க. கவனிக்கலையா?"

மாப்பிள்ளை அப்பாவைப் பார்த்தான். எப்போதும் போல் அப்பா கைகொடுப்பார் என்று எதிர்பார்த்தானோ என்னவோ. அப்பா ஸ்கார்ஃபையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் பொண்ணுக்குக் கை உடைஞ்சதே இல்லை சார்" என்றார். "நல்லா மடக்குவா."

அந்த வார்த்தையோடு அறையில் எல்லாம் மாறிப்போயிற்று. இன்ஸ்பெக்டர் கையெழுத்துக் காகிதத்தை இழுத்து டிராயரில் போட்டார். அப்பாவின் எச்சில் எடுத்து டி.என்.ஏ. டெஸ்ட்டுக்கு அனுப்பவேண்டும் என்றார். செத்தவள் யாரென்று தேடவேண்டும் என்றார்.

"யாரா இருந்தாலும் உங்க தங்கச்சிக்குத் தெரிஞ்சவங்க. உங்க தங்கச்சியைப் பிடிச்சாத்தான் இதுக்கு விடை கிடைக்கும். இந்த நூலைப் பார்த்தா ஏதாவது சொல்ல முடியுமா?"

பெரியவள் சட்டென்று ஸ்கார்ஃபைக் கையில் எடுத்துக்கொண்டாள். சின்னவள் உயிரோடிருக்கிறாள். எங்கேயோ உட்கார்ந்து இதை வரிசை வரிசையாகப் பின்னியிருக்கிறாள். அந்த வேகத்தில் யார் இருக்கிறார்கள், யார் கேட்கிறார்கள் என்றே அவள் பார்க்கவில்லை. ஒரு நுனியை முறுக்குப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"மூணு இழை சார். ரெண்டு கம்பளி, ஒண்ணு பளபளன்னு இருக்கு. இதைக் கடையில விக்கமாட்டாங்க. போர்வை நெய்யுற மில்லுல மிஞ்சற நூல் இது. ரயில்வே கேட் தாண்டிப் புறவழிச் சாலையில ஒரு போர்வை மில் இருக்கே, அங்கேதான் இப்படி முறுக்குவாங்க. அங்கே வேலை பார்க்கிறவங்களுக்கு மட்டும் எடை போட்டுக் கொடுப்பாங்க."

சொல்லி முடித்து நிமிர்ந்தபோது மாப்பிள்ளை வாசற்படியில் நின்றுகொண்டிருந்தான். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"உயிரோட இருந்தா நல்லதுதானே அண்ணி" என்றான். "கவலைப்படாதீங்க. நானே கூட்டிட்டு வந்துடறேன்."

வெளியே அவனுடைய வேன் கிளம்புகிற சத்தம் கேட்டது. அப்போதுதான் பெரியவளுக்கு உறைத்தது.

இவ்வளவு நேரமும் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள்? சின்னவள் செத்துவிட்டாள் என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான். குறைந்தபட்சம் அப்படியே முடிந்துபோகட்டும் என்று இருந்தான். ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் அவன் தேடுவதை அடியோடு விட்டிருப்பான். அவள் ஊசியை எடுத்து, இலை போட்டு, உயிரோடிருக்கிறாள் என்று நிரூபித்து, விலாசத்தையும் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

"சார், அவர் அங்கேதான் போறார். யாரையாவது அனுப்புங்க சார்."

"அது எங்க எல்லையில வராதும்மா. அந்த ஸ்டேஷனுக்குச் சொல்றேன். காலையில ஆள் போவாங்க."

"காலையிலயா?"

இன்ஸ்பெக்டர் போனைக் கையில் எடுத்தார். அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை. மறுபடி முயற்சி செய்கிறேன் என்றார். நல்ல மனுஷர்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் எழுந்திருக்கவில்லை.

அப்பாவின் கன்னத்துக்குள் பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்த கையோடு இரண்டு பேரும் பஸ் பிடிக்க ஓடினார்கள். ஆட்டோ ஒன்றுகூட நிற்கவில்லை. வந்த பஸ்ஸும் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்று நின்று போயிற்று. மணி மூன்றைத் தாண்டிவிட்டது. மில்லில் நான்கு மணிக்கு ஷிஃப்ட் விடுவார்கள்.

பாதி வழியில் அப்பா, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அன்னிக்கு அவ வந்தா."

"யார்?"

"சின்னவ. வீட்டை விட்டுக் கிளம்பின அன்னிக்கு. நேரா நம்ம வீட்டுக்குத்தான் வந்தா. நீ கடைக்குப் போயிருந்தே."

பெரியவள் திரும்பினாள்.

"கதவைத் தட்டினா. 'அப்பா, அப்பா'ன்னா. நான் உள்ளேதான் இருந்தேன். திறந்தா திரும்பக் கூட்டிட்டுப் போய் விடணும். மறுபடி மாப்பிள்ளைகிட்டே போய் நிக்கணும், தலையைச் சொறியணும். என்னால முடியலைம்மா. சத்தம் போடாம உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் தட்டிட்டுப் போயிட்டா."

"ஏழு மாசமா எங்கிட்டே சொல்லவே இல்லையே?"

"எப்படிச் சொல்றது?"

"நான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைஞ்சேனே. நீங்களும் கூடவே வந்தீங்களேப்பா."

அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நான் உள்ளே இருந்தது அவளுக்குத் தெரியும். ரேடியோ ஓடிட்டிருந்துது. அவ தட்டினப்புறம்தான் நிறுத்தினேன்."

பெரியவளுக்கு அவரை ஓங்கி ஒரு அறை விடவேண்டும் போல இருந்தது. மடியில் வைத்திருந்த இரண்டு கையையும் கோத்து இறுக்கிக்கொண்டாள். பஸ் ரயில்வே கேட்டில் நின்றது. ஒரு சரக்கு ரயில், பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது.

அவர்கள் மில் வாசலுக்கு வந்து சேர்வதற்கும் சங்கு ஊதுவதற்கும் சரியாக இருந்தது.

வேன் அங்கே நின்றது. வாசலுக்கு நேர் எதிரே, சாலையின் மறுபக்கம். அதன் பக்கவாட்டுச் சட்டத்தில் ஆளுயரக் கண்ணாடிகள் மூன்று, கயிறு போட்டுக் கட்டியிருந்தன. டெலிவரிக்குப் போகவேண்டியதைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறான். அவற்றில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, டீ டம்ளரோடு, மாப்பிள்ளை வாசலையே பார்த்துக்கொண்டு நின்றான். வாட்ச்மேனிடம் பேர் சொல்லிக் கேட்டிருப்பான். அந்தப் பேரில் யாரும் இருந்திருக்கமாட்டார்கள். அதனால் காத்திருக்கிறான்.

கேட் திறந்தது. பெண்கள் கும்பலாக வெளியே வந்தார்கள். இருநூறு பேருக்குக் குறையாது. எல்லோர் தலையிலும் பஞ்சு, எல்லோர் மூக்கிலும் தூசிக்கு மறைத்துக் கட்டிய துணி. கண் மட்டும்தான் தெரிந்தது. மாப்பிள்ளை டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. பெரியவளுக்குத் தெரிந்துவிட்டது.

நடையை வைத்துத்தான். கடைசி வரிசையில், சுவரோரமாக, வலது தோளைக் கொஞ்சம் இறக்கி, அவசரமே இல்லாததுபோல் நடக்கிற அந்த நடை. பள்ளிக்கூட நாளிலிருந்து 'சீக்கிரம் வாடி' என்று அவள் திட்டித் தீர்த்த நடை. ஏழு மாதம். கூப்பிட்டால் கேட்கிற தூரம்.

கால் தானாக ஓரடி எடுத்து வைத்துவிட்டது. வைத்த இடத்திலேயே நிறுத்தினாள். ஓடினால் அவன் பார்ப்பான். கையசைத்தால் பார்ப்பான். கண்ணால் தொடர்ந்தால்கூட அவன் கண்ணும் பின்னாலேயே போகும். அவள் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: பார்க்காமல் இருப்பது.

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்ததுமே தெரிந்தது, அப்பாவும் பார்த்துவிட்டார். அவர் வாய் பாதி திறந்திருந்தது.

"அப்பா, வேண்டாம்" என்றாள், உதடு அசையாமல். "கூப்பிடாதீங்க."

அப்பா அவளைப் பார்த்தார். வேனைப் பார்த்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார். பிறகு அவள் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டு, சாலையில் வந்த லாரியைக்கூடக் கவனிக்காமல், நேராக மாப்பிள்ளையைப் பார்த்து நடந்தார். கிட்டே போனதும் இரண்டு கையாலும் அவன் தலையைப் பிடித்துத் தன் தோளில் அழுத்திக்கொண்டு, ஓவென்று அழ ஆரம்பித்தார்.

"போயிட்டா மாப்பிள்ளை! என் பொண்ணு போயிட்டா! இவ சொல்றதைக் கேக்காதீங்க, இவளுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு. அது சின்னவதான். எனக்குத் தெரியும். நான்தான் கொன்னேன். நான்தான் என் குழந்தையைக் கொன்னேன்!"

"மாமா, விடுங்க. மாமா, ஒரு நிமிஷம்..."

அப்பா விடவில்லை. எழுபது வயதுக் கிழவருக்கு எங்கிருந்துதான் அவ்வளவு பலம் வந்ததோ. போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அந்த அழுகையில் எது நடிப்பு, எது நிஜம் என்று மகளுக்கே தெரியவில்லை. அவளும் ஓடிப்போய் மாப்பிள்ளையின் இன்னொரு பக்கம் நின்றுகொண்டாள், அவன் தலையைத் திருப்பினாலும் தன் மேல்தான் படும்படியாக.

இப்போது கண்ணாடிகள் அவளுக்கு நேர் எதிரே இருந்தன. அவற்றில் மில்லின் கேட் முழுசாகத் தெரிந்தது. கலைந்துபோகிற கூட்டம் தெரிந்தது. கூட்டத்துக்குப் பின்னால், நடுக் கண்ணாடியில், சுவரோரமாக ஒருத்தி அசையாமல் நின்றாள்.

சத்தம் கேட்டுத்தான் திரும்பியிருக்கவேண்டும். மூக்கை மறைத்த துணிக்கு மேலே கண் இரண்டும் இந்தப் பக்கமே இருந்தன. அவள் என்ன பார்க்கிறாள் என்பதைப் பெரியவளும் கண்ணாடியில் பார்த்தாள். அப்பா, அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறார். அக்கா, அவனை ஒட்டி, அவனுடைய வேன் பக்கத்தில் நிற்கிறாள். மூன்று பேரும் சேர்ந்து வந்திருக்கிறார்கள்.

இல்லடி, இல்லடி, என்று பெரியவள் மனசுக்குள் கத்தினாள். திரும்ப முடியவில்லை.

கண்ணாடியில் இருந்தவள் இடது கையால் துணியை இன்னும் மேலே இழுத்துக்கொண்டாள். இரண்டு அடி பின்னால் வைத்தாள். பிறகு கூட்டத்துக்குள் போனாள். பெரியவளுக்குத் தெரிந்து முதல் தடவையாக, வேகமாக நடந்தாள்.

மாப்பிள்ளை ஒரு வழியாகத் தலையை விடுவித்துக்கொண்டு எட்டிப் பார்த்தபோது, வாட்ச்மேன் கேட்டைச் சாத்திக்கொண்டிருந்தான். சாலையில் ஓரிருவர்தான் மிச்சம்.

அவனுக்குக் கோபம் வரவில்லை. சட்டையை நீவி விட்டுக்கொண்டான். அப்பாவின் முதுகை ஆதரவாகத் தடவிக்கொடுத்தான்.

"அழாதீங்க மாமா. எங்கேயும் போயிடமாட்டா, இங்கேதான் இருக்கா" என்றான். "நாளைக்கு மூணு பேருமாச் சேர்ந்தே வரலாம்."